கொக்கி இல்லாத குஞ்சுகள்

தாலா ஓடை வற்றத் தொடங்கிய கோடையில் ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. சுல்மா எச்சேகோஷென் ஒருத்திதான் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சேறு முழுக்கக் கோடுகள் விழுந்திருந்தன. யாரோ குச்சியை அழுத்தி இழுத்துக்கொண்டே போனது போன்ற கோடுகள். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிப்பி இருந்தது. தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க, இருக்கிற ஒற்றைக் காலை நீட்டி ஊன்றி, உடம்பை இழுத்துக்கொண்டு அவை அதன் பின்னாலேயே போயிருந்தன. பல கோடுகள் நடு மடுவை நோக்கி நேராகச் சென்றன. சில வழி தவறி, வளைந்து, கரைப் பக்கமே திரும்பி அங்கேயே நின்றிருந்தன. அப்படி நின்றவற்றைக் கராவ் பறவைகள் கொத்திப் பிளந்து தின்றுவிட்டு வெறும் ஓடுகளைப் போட்டிருந்தன.

சுல்மா அந்த ஓடுகளைப் பொறுக்கவில்லை. வேறொரு வருஷமாக இருந்தால் பொறுக்கியிருப்பாள். உயிரோடிருந்தவற்றை மட்டும் எடுத்து மடுவில் விட்டாள். மறுநாள் மடுவும் ஒரு முழம் சுருங்கியிருந்தது.

அவளுக்கு அறுபதை நெருங்கும் வயது. எங்கள் ஊரான பாசோ தெல் தாலாவில் ரயில் நின்றுபோய் வெகுகாலம் ஆகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் குடியிருந்த வீட்டில்தான் அவள் இருந்தாள். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு அருகில் மேசை போட்டு, அதன் மேல் நுண்ணோக்கியை வைத்திருந்தாள். காத்திருப்பு அறையின் பெஞ்சுகள் நிறையச் சிப்பிகள் அடுக்கிய தட்டுகள் இருந்தன. பிளாட்பாரத்தில் புல் முளைத்துவிட்டது. மாலையானால் அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு, வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்தே உறிஞ்சுவாள். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரே குடுக்கையைக் கைமாற்றிக் குடிக்கிற பானம் அது. அவள் தானே ஊற்றுவாள், தானே குடிப்பாள், திரும்பத் தானே ஊற்றுவாள். பார்ப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். போய் உட்கார்ந்தாலோ, பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் சிப்பியில்தான் போய் முடியும். அதனால் யாரும் அதிகம் போய் உட்காரவில்லை. சிப்பிக்காரி என்றால் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தலைநகர் மோந்தெவிதேயோவில் ஓர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தவள் அவள். கணவன் அன்செல்மோ வியரோவும் அங்கேதான் இருந்தான். இருவருக்கும் ஒரே வேலை, ஆற்றுச் சிப்பிகள். முன்னொரு காலத்தில் கப்பலில் வந்தவர்கள் எங்கள் ஆறுகளிலிருந்து கூடை கூடையாக ஓடுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். உயிருள்ள ஒன்றைக்கூடப் பார்க்காத பண்டிதர்கள் கடலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் நீண்டிருந்தால் ஒரு பெயர், கொஞ்சம் பருத்திருந்தால் இன்னொரு பெயர் என்று வைத்துத் தள்ளினார்கள். ஒரே சிப்பிக்குப் பத்துப் பெயர், இருபது பெயர். அந்தக் குப்பையைக் கூட்டுவதுதான் தன் பிழைப்பு என்பான் அன்செல்மோ. ஓடு என்பது சட்டை. கல்லாற்றில் வளர்ந்தால் தடித்த சட்டை, சேற்றில் வளர்ந்தால் மெல்லிய சட்டை. சட்டையை எண்ணி ஆளை எண்ணாதீர்கள் என்று மாணவர்களுக்குச் சொல்வான். செல்லாது என்று அவன் அடித்த பெயர்கள் ஏராளம். அடித்தவற்றில் பெரும்பாலானவை அடிக்க வேண்டியவைதான் என்று சுல்மாவே ஒப்புக்கொள்வாள்.

கல்யாணமான புதிதில் இருவரும் வடக்கே வந்தபோதுதான் தாலா ஓடையில் அந்தச் சிப்பியை அவள் கண்டாள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. கருத்துப்போன பாசி நிறம். பக்கத்துப் பெரிய ஆற்றில் கிடைக்கும் சிப்பிக்கு, இரண்டு ஓடுகளும் சேரும் கீல் முனையில் ஓடும் வரிகள் விசிறிபோல் விரியும். இதில் ஒன்றோடொன்று முட்டி நெளிந்து கிடந்தன. இது வேறு இனம் என்று எழுதினாள். புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை அவளுக்கு. கணவன் பெயரை வைத்தாள். அன்றைக்கு அருங்காட்சியகத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள், கேக் வெட்டினார்கள்.

சில வருஷங்கள் கழித்து அன்செல்மோவின் பெரிய புத்தகம் வந்தது. தென் அமெரிக்கச் சிப்பிகள் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய புத்தகம். அச்சாகி வந்த புத்தகக் கட்டை அவள்தான் முதலில் பிரித்தாள். தன் சிப்பியைத் தேடினாள். பெரிய ஆற்றுச் சிப்பியின் பெயருக்குக் கீழே, அடிக்கப்பட்ட பெயர்களின் வரிசையில் கடைசியாக அது கிடந்தது. இரண்டும் ஒன்றே, ஓடையில் வளர்ந்ததால் உருவம் மாறியது, அவ்வளவுதான். அந்தப் புத்தகத்தை எழுதிய மாதங்கள் முழுவதும் அவன் அவளோடு ஒரே மேசையில் சாப்பிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் பெயரைத் தாங்கிய இனத்தையே தயங்காமல் அடித்தான், என்ன நேர்மை என்று சக ஊழியர்கள் அவனைப் பாராட்டினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் சுல்மா மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே வந்துவிட்டாள். குழந்தைகள் இல்லை. அன்செல்மோ பிறகு வேறொருத்தியை மணந்தான், ஒரு மகன் பிறந்தான், அந்த மனைவியும் இறந்துபோனாள். இதெல்லாம் சுல்மாவுக்கு மற்றவர்கள் மூலம் தெரிந்த செய்திகள்.

பெயர் அடிபட்டதால் வந்த நஷ்டம் மனதோடு நிற்கவில்லை. அழியும் நிலையிலுள்ள உயிர்களின் அரசுப் பட்டியலில், அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட பெயர் மட்டுமே ஏறும். அவளுடைய சிப்பிக்குப் பெயரில்லை என்பதால் பாதுகாப்பும் இல்லை. அந்தக் கோடையில் நெல் வயல்களின் பம்புகள் ஓடையை உறிஞ்ச ஆரம்பித்ததும், அவள் பஸ் ஏறிப்போய் நீர் அலுவலகத்தில் முறையிட்டாள். அதிகாரி மரியாதையான மனிதர், அம்மா என்கிற மாதிரி ‘தோன்யா’ என்றுதான் அழைத்தார். உட்கார வைத்தார், மாத்தே கொடுத்தார், கணினியில் தேடவும் தேடினார். பிறகு கையை விரித்தார்.

"அறிஞருங்க ஏத்துக்கிட்ட சிப்பி பெரிய ஆத்துல நெறைய இருக்கு, தோன்யா. நீங்க சொல்றது பட்டியல்லயே இல்ல. இல்லாத ஒண்ணுக்காக நான் எப்படி பம்ப நிறுத்தச் சொல்றது?"

பம்பு யாரும் சொல்லாமலே நின்றது. குழாய் சேற்றை உறிஞ்ச ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டார்கள். அதற்குள் ஓடையில் மிஞ்சியது ஒரே ஒரு மடு.

அன்று மாலை அவள் அன்செல்மோவுக்குப் போன் செய்தாள். உதவி கேட்பதற்காக அல்ல. தாலா ஓடை வற்றுகிறது என்று சொன்னால் அதன் பொருள் முழுவதும் புரியக்கூடிய ஆள் உலகத்தில் அவளுக்கு வேறு யாருமில்லை.

"தாலா ஓடை வத்துது" என்றாள்.

அந்தப் பக்கம் யார் என்று கேட்கவில்லை. குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டான்.

"பெரிய ஆத்துல அதே சிப்பி மூட்டை மூட்டையா கெடக்கு, சுல்மா. இந்த வயசுல இடுப்ப ஒடிச்சுக்காத" என்றான்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஓடையின் மேல்பக்கம் இவோனி துத்ராவின் நிலம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பிரேசிலிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். நாற்பது வயதுக்காரி, தனியாகவே செம்மறி வளர்க்கிறாள், வாய் நீளம். அவள் நிலத்தில் கரும்பாறை மேலிருந்து ஓடை அருவியாகக் குதிக்கிறது. பாறைக்கு மேலே, ஊற்றில் நிறையும் ஒரு மடு உண்டு. தனக்குத் தெரிந்து அது வற்றியதில்லை என்று இவோனி சொல்லியிருந்தாள். சிப்பிகளை அங்கே கொண்டுபோக வண்டி தருவாளா என்று சுல்மா கேட்டாள். சிப்பிகளுக்கு மலை வாசஸ்தலமா, எங்களுக்கு மட்டும் இந்த வெயிலா என்று இவோனி சிரித்தாள். வண்டி தருவதாகவும் சொன்னாள்.

ஆனால் சுல்மாவுக்கு அந்த மடுவில் ஒரு கவலை இருந்தது. இந்தக் குடும்பத்துச் சிப்பிகள் பெரும்பாலும் மீனை நம்பிப் பெருகுபவை. தாய் தன் செவுளில் முட்டைகளை அடைகாத்து, தூசி போன்ற குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு கொக்கி இருக்கும். அருகில் வரும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ கொக்கியை மாட்டிக்கொண்டு சில வாரங்கள் சவாரி செய்து, சிப்பியாக உருமாறி, பிறகு உதிர்ந்து மண்ணில் விழும். மீன் கிடைக்காத குஞ்சு செத்துப்போகும். இவோனியின் அருவியில் எந்த மீனும் ஏறியதில்லை. மேல்மடுவில் தவளைகள் உண்டு, தும்பிகள் உண்டு, மீன் மட்டும் இல்லை. சிப்பிகளை அங்கே விட்டால் இன்னும் முப்பது நாற்பது வருஷம்கூட வாழும். ஆனால் ஒன்றுக்கும் வாரிசு இருக்காது. பெரிய ஆற்றில் விடலாமென்றால் அங்கே மீன் உண்டு. கூடவே, ஆசியாவிலிருந்து கப்பல்கள் பாரத்துக்காக அடியில் நிரப்பும் தண்ணீரில் வந்திறங்கிய தங்கச்சிப்பியும் உண்டு. அது திராட்சைக் குலைபோல் எதன் மேலும் அப்பும். எங்கள் ஊர்ச் சிப்பிகளின் முதுகில் அப்பி, வாயைத் திறக்க முடியாமல் மூடிச் சாகடிக்கும். படகுத்துறைக் கம்பங்களில் எல்லாம் இப்போது அதுதான்.

இப்படி முடிவெடுக்க முடியாமல் இருந்த நாட்களில் ஒரு காலையில் இவோனியின் குதிரை வண்டி ஸ்டேஷன் முன்னால் வந்து நின்றது. இவோனிக்குப் பக்கத்தில் வைக்கோல் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு கிழவன் உட்கார்ந்திருந்தான்.

"ரோட்டு முனையில பஸ் இத எறக்கிவிட்டுட்டுப் போயிடுச்சு" என்றாள் இவோனி. "உங்களுதுன்னு சொல்லுது. எறக்கட்டுமா, திருப்பி அனுப்பிடட்டுமா, தோன்யா?"

சுல்மா வாசலில் நின்று பார்த்தாள். அன்செல்மோ இளைத்திருந்தான். சட்டைக்காலர் கழுத்தைத் தொடாமல் நின்றது.

"எறக்கு" என்றாள்.

அவன் மெல்ல இறங்கி, தடியை ஊன்றி, பிளாட்பாரத்தை ஒரு முறை நீளமாகப் பார்த்தான். எதற்காக வந்தாய் என்று அவள் கேட்கவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

"போன்ல நீ பதிலுக்குச் சண்டை போடல. ஒடம்புக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்."

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு."

"அது இப்ப தெரியுது. சரி, ஓடை எங்க?"

குனிந்து வேலை செய்ய அவனால் முடியவில்லை. இடுப்பில் குடலிறக்கத்துக்குப் பட்டை கட்டியிருந்தான். தாலா மரத்து நிழலில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான். சுல்மா மடுவில் இறங்கி, கைகளால் சேற்றைத் துழாவி, சிப்பிகளை எடுத்து நனைந்த சாக்கில் போட்டாள். கண்ணுக்கு எதுவும் தெரியாது. விரல்தான் பார்க்க வேண்டும். அவள் கரையேற்றியவற்றை அவன் ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து, கையில் எடை பார்த்து, அளவு வாரியாகப் பிரித்து வைத்தான். ஒருமுறை, இளசு ஒன்றுகூட இல்லையே என்றான் அவன். அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் வயதானவை. ஓட்டில் வருஷத்துக்கு ஒன்றாக விழும் வளையங்களை எண்ணினால் தெரியும். பல வருஷங்களாக அந்த ஓடையில் ஒன்றும் பிழைத்து வளரவில்லை. நெல்வயல் மருந்தோ, சேறு மூடியதோ, யாருக்குத் தெரியும்.

மேல்மடுவைப் பற்றி அவள் சொன்னதும் அவன் தலையை ஆட்டினான்.

"மீனில்லாத எடத்துல விட்டா அது முதியோர் இல்லம், சுல்மா. சோறு தண்ணிக்குக் கொறைவிருக்காது. பேரன் பேத்திதான் இருக்காது."

"அப்படியே இருக்கட்டும். இருக்கிறதாவது இருக்கட்டும்."

"அருங்காட்சியகத் தொட்டியில வச்சுப் பாக்கலாம். நான் சொன்னா கேப்பாங்க."

வேண்டாம் என்றாள். அங்கே தண்ணீர் மாற்ற மறக்கிற ஒரு சனிக்கிழமை போதும் எல்லாம் சாக. அது அவனுக்கும் தெரியும்.

மறுநாள் முற்பகலில்தான் அது நடந்தது. சேற்றிலிருந்து அவள் எடுத்த ஒரு சிப்பி வெப்பத்தில் லேசாக வாய் திறந்திருந்தது. உள்ளே செவுள் தெரிந்தது. தட்டையாகத் தொங்க வேண்டிய செவுள் உப்பி, மணல் அடைத்த பைபோலப் பழுப்பாக இருந்தது. சுல்மா மடுவின் நடுவிலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமும் வசந்தகாலம் வந்தால் ஓடைக்கு வந்து, பெண் சிப்பிகளை மெல்லத் திறந்து, அடைகாக்கும் செவுளைத் தேடியிருக்கிறாள். ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லை. பெரிய ஆற்றுச் சிப்பி வசந்தத்தில் அடைகாக்கும் என்பதால் இதுவும் அப்போதுதான் என்று எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் வேறு வேறு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், தேடும்போது மட்டும் இரண்டும் ஒன்று என்று நம்பித் தேடியிருக்கிறாள். இது கோடையின் கடைசியில் அடைகாக்கிற சிப்பி.

ஈரத்துணியில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார்கள். ஓட்டின் இடுக்கில் மரச்சிம்பு ஒன்றைச் செருகி, மெல்லிய ஊசிக்குழாயை உள்ளே விட்டு, செவுளிலிருந்து ஒரு சொட்டை உறிஞ்சினாள். அதனால் தாய் சாகாது. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, டிக்கெட் ஜன்னல் வெளிச்சத்தில் நுண்ணோக்கியில் குனிந்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியை அவனுக்கு விட்டாள்.

அன்செல்மோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான். அவன் அவ்வளவு நேரம் எதையும் பார்த்து அவளுக்கு ஞாபகமில்லை. வெளியே இவோனியின் குதிரை மூக்கால் செருமிய சத்தம் கேட்டது. அவன் பார்த்தது கொக்கி மாட்டிய தூசிகளை அல்ல. முழுதாக வளர்ந்த சின்னஞ்சிறு சிப்பிகளை. ஒவ்வொன்றும் இரண்டு ஓடுகளோடு, கீலோடு. ஒன்று ஓட்டைத் திறந்து, நூல்போன்ற காலை வெளியே நீட்டித் துழாவிக்கொண்டிருந்தது.

"கொக்கி இல்ல" என்றான்.

"இல்ல."

"தாய்க்குள்ளேயே முழுசா வளந்துடுது."

"ஆமா."

அவன் நிமிரவில்லை. "ஒண்ண வச்சு முடிவு பண்ணக் கூடாது. இன்னும் நாலஞ்சு பாரு."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் அவள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். உப்பிய செவுள் உள்ளவற்றைத் தேடித் தேடி எடுத்து, மாலைவரை மாறி மாறிப் பார்த்தார்கள். எல்லாம் அப்படியே. எதிலும் கொக்கி இல்லை. பெரிய ஆற்றுச் சிப்பியின் குஞ்சுகளுக்குக் கொக்கி உண்டு என்பது பாலபாடம். சட்டை எப்படியும் மாறலாம். பிள்ளை வளர்க்கிற விதம் மாறாது. இரண்டும் வேறு இனம்தான்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்தச் சிப்பிக்கு மீனே தேவையில்லை. மேல்மடு போதும்.

அன்று சாப்பாட்டு மேசையில் இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். பூசணியும் ஆட்டிறைச்சியும் போட்டுச் சோறு சமைத்திருந்தாள். அன்செல்மோ தட்டைப் பாதியில் நகர்த்தி வைத்தான். திருத்தம் எழுதுவதாகவும், அந்தப் பெயரைத் தானே திரும்ப நிலைநிறுத்துவதாகவும் சொன்னான். வெறும் ஓடுகளை மட்டும் இழுப்பறையில் வைத்துப் பார்த்து எழுதியது தன் தப்பு என்றும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டாள். அது அவள் கேட்க நினைத்த பதில் அல்ல.

"அடிக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஏன் சொல்லல?"

அவன் ரொட்டித் துண்டைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை.

"சொன்னா நீ வாதாடியிருப்ப. நான் விட்டுக்குடுத்திருப்பேன். உன்கிட்ட எப்பவும் விட்டுக்குடுத்தேன், சுல்மா. எந்த ஊர்ல இருக்கிறது, எப்ப வீட்டுக்கு வர்றது, எல்லாம். அது ஒண்ணுலயாவது விட்டுக்குடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"சிப்பிய வச்சா?"

"வேற என்ன இருந்துச்சு நம்மகிட்ட?"

அவள் எழுந்து தட்டுகளை எடுத்தாள். கழுவும் தொட்டியின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. விட்டுக்கொடுத்தான் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. எல்லாம் அவனுக்கும் பிடித்துத்தான் நடக்கிறது என்று நினைத்து வாழ்ந்திருந்தாள்.

அடுத்த நாட்களில் சிப்பிகளை மேலே கொண்டுபோனார்கள். தண்ணீர்த் தொட்டியில் வைத்தால் வெயிலில் மூச்சுமுட்டிச் சாகும் என்பதால் நனைந்த சாக்குகளில் அடுக்கி, மேலே வில்லோ மரத் தழையைப் போட்டு மூடினார்கள். இவோனி குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பாறைக்குக் கீழே வண்டியை நிறுத்தி, சாக்குகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இரண்டு பெண்களும் பக்கவாட்டுப் பாதையில் ஏறினார்கள். அன்செல்மோ கீழேயே நின்று, எந்தக் கல்லில் கால் வைப்பது என்று மேலே பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கீழ நின்னுக்கிட்டு வழி சொல்றதுக்குத்தான் மோந்தெவிதேயோலேர்ந்து வந்தாரா?" என்றாள் இவோனி, மூச்சு வாங்க.

அடிக்கப்பட்ட பெயர் திரும்பி வருகிறது என்பதையும், அது யார் பெயர் என்பதையும் சுல்மா அவளிடம் சொன்னாள். முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், வைத்தவளே நினைத்தாலும் மாற்ற முடியாது, அதுதான் விதி என்றாள்.

இவோனி சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப சாகிற வரைக்கும் பழைய வீட்டுக்காரர் பேரச் சொல்லித்தான் தேடிக்கிட்டு அலையணுமா? எங்கூர்ல இதுக்குச் சாபம்னு பேரு, தோன்யா."

சுல்மாவும் சிரித்துவிட்டாள். பிறகு மடுவில் இறங்கி, ஒவ்வொரு சிப்பியையும் தலை எது வால் எது என்று பார்த்து, சரளைக்கு நடுவே பாதி புதைய நட்டு வைத்தாள். ஊற்றுத் தண்ணீர் எலும்பு வரை குளிர்ந்தது. சில சிப்பிகள் நட்ட உடனே காலை நீட்டிக் கொஞ்சம் நகர்ந்து, தமக்குப் பிடித்த இடத்தில் அமர்ந்துகொண்டன.

அன்செல்மோ ஒரு காலை பஸ்ஸில் கிளம்பினான். ரோட்டு முனையில் இருவரும் நின்றிருந்தார்கள். தன் வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது என்றான், சாலையைப் பார்த்தபடி. கோடை முடியட்டும், அவை வேர் பிடிக்கின்றனவா என்று பார்க்க வேண்டும் என்றாள். சிப்பிக்கு வேர் ஏது என்றான் அவன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறுவதற்கு அவன் தடியை அவள் வாங்கிக்கொண்டு, அவன் ஏறியதும் திருப்பிக் கொடுத்தாள்.

கொஞ்ச காலம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வந்தது. சிப்பிகளைத் தவிர வேறெதையும் பேசவில்லை. திருத்தத்தை அவன் சொன்னபடியே எழுதினான், ஒளிவுமறைவு இல்லாமல், தன் தவறை முதல் வரியிலேயே வைத்து. பெயர் திரும்ப நிலைபெற்றது. வெகுநாள் கழித்து அரசுப் பட்டியலிலும் ஏறியது. நீர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து தாலா ஓடைக் கரையில் பம்பு வைக்கக் கூடாது என்று பலகை நட்டுவிட்டுப் போனார். அதற்கு முன்பே மழை பெய்து, ஓடை பொங்கி, பழைய மடுவை மண்ணால் மூடிவிட்டிருந்தது. பலகைக்குக் கீழே ஓடைத்தண்ணீர் இருந்தது, சிப்பி இல்லை. கைதவறி விட்டவை ஏதாவது இருக்கும் என்று சுல்மா பல நாள் துழாவினாள். விரலுக்கு வெறும் ஓடுகள்தான் தட்டின.

பிறகு ஞாயிற்றுக்கிழமைப் போன்கள் குறைந்தன. அன்செல்மோவுக்கு மறதி வந்திருந்தது. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டான். மகன் காஸ்தோன் ஸ்பெயினில் வேலை பார்ப்பவன். வந்து அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனான். கிளம்பும் முன் அன்செல்மோ அவளை அழைத்தானா என்றால், இல்லை. மகன்தான் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்தான்.

சுல்மா மாதத்துக்கு இரண்டு முறையாவது பாறை ஏறினாள். முழங்கால் வலி வந்த பிறகும் ஏறினாள். நட்ட சிப்பிகளில் சில செத்தன, பெரும்பாலானவை இருந்தன. ஆனால் இருப்பவை இருப்பவைதான். குஞ்சுகள் வெளியே வந்து, பிழைத்து, கண்ணில் படும் அளவுக்கு வளர வருஷங்கள் ஆகும். வருமோ வராதோ என்று பேசக்கூட அவளுக்கு யாரும் இல்லை. இவோனி அப்போதெல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் உடம்பு சரியில்லாத அக்காவோடு இருந்தாள். செம்மறிகளை விற்றுவிட்டாள். வேலிக்கதவைத் திறந்துகொண்டு போ, ஆனால் மூடிவிட்டுப் போ என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

ஒரு குளிர்கால மத்தியானம், ஊற்றின் வாயருகே சரளையைச் சல்லடையில் அள்ளி அலசியபோது, கூழாங்கற்களுக்கு நடுவே ஒன்று கல்லாக இல்லை. சுண்டுவிரல் நகத்தளவு. மெல்லிய பச்சை ஓடு, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருப்பது நிழலாகத் தெரிந்தது. கீல் முனையில் வரிகள் ஒன்றோடொன்று முட்டி நெளிந்திருந்தன. அவள் நட்ட சிப்பி எதுவும் அந்த அளவில் இருந்ததில்லை. அங்கேயே பிறந்தது அது.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். பாறை மேல் ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை. சிப்பியை எடுத்த இடத்திலேயே வைத்து, விரலால் சரளையை ஒதுக்கி, அது கால் நீட்டி உள்ளே இறங்கும்வரை குனிந்தே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஈரக் காலோடேயே அந்த எண்ணுக்குப் போன் செய்தாள். காஸ்தோன் எடுத்தான். அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் இன்று பேசுகிற நிலையில் இல்லை, ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டான்.

"சின்னது ஒண்ணு பொறந்திருக்குன்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் கொஞ்சம் குழம்பினான். "யாருக்குங்க?"

"அப்படியே சொல்லுங்க. அவருக்குப் புரியும்."

சொல்கிறேன் என்றான். பணிவான பையன். பின்னணியில் ஏதோ தொலைக்காட்சிச் சத்தம், ஒரு இருமல். அந்த இருமல் அவளுக்குத் தெரியும். போன் வைக்கப்பட்ட பிறகும் ரிசீவரைக் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருந்தாள்.

பதில் போன் அன்று வரவில்லை. மறுவாரமும் வரவில்லை. சுல்மா அடுத்த முறை பாறை ஏறியபோது சல்லடையோடு ஒரு சிறிய முக்காலியையும் எடுத்துக்கொண்டு போனாள். ஊற்றருகே அதைப் போட்டு உட்கார்ந்து, சரளையைக் கைப்பிடி கைப்பிடியாக அலசினாள். அன்று இன்னும் இரண்டு கிடைத்தன.